நுரையீரல் கட்டியை ஊசி வழியே சுட்டு அழிப்பது: எப்போது பலன் தரும், எங்கே தவறும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 74 வயது. பல வருடமாக சி.ஓ.பி.டி. எனும் மூச்சிறைப்பு நோய். வலது நுரையீரலின் வெளிப்பகுதியில் 1.8 செ.மீ. அளவில் ஒரு கட்டி, பயாப்சியில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. அறுவை சிகிச்சையை அவருடைய மூச்சுத்திறன் தாங்காது என்கிறார்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி, சூட்டால் கட்டியை அழிக்கும் முறை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அது உண்மையிலேயே நோயைத் தீர்க்கும் சிகிச்சையா அல்லது வெறும் ஆறுதலுக்குச் செய்வதா என்று கேட்கிறீர்கள்.

உண்மையான சிகிச்சைதான். சரியான கட்டிக்கு, சரியான இடத்தில் செய்தால் கட்டியை முழுதாக அழிக்க முடியும். ஆனால் "மார்பைத் திறக்க வேண்டாம், ஒரே நாளில் வீடு திரும்பலாம்" என்ற வசதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவன். என்னிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "வலிக்குமா" என்றுதான். அந்தக் கவலை நியாயமானது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கட்டியும், அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல திசுவும் சேர்ந்து முழுதாக வேகுமா? இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வி ஏறக்குறைய முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சூடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். உடலின் செல்கள் 50 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் இருந்தால் மீள முடியாமல் சேதமடையும். 60 டிகிரியைத் தாண்டினால் புரதங்கள் உறைந்து, செல் அநேகமாக உடனே இறந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்து இறுகுவதைப் போன்ற மாற்றம் இது. அதற்காகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. 100 டிகிரியைத் தாண்டும்போது திசுவில் உள்ள நீர் ஆவியாகி, ஊசியைச் சுற்றிக் கரி படிகிறது. ரேடியோ அலை முறையில் அந்தக் கரியே மின்சாரத்தைத் தடுத்துவிடும். உள்ளே கருகியும் வெளி ஓரம் வேகாமலும் போகும். அதனால்தான் சக்தியை மெல்ல மெல்ல ஏற்றுகிறோம்.

இப்போது பெரும்பாலும் புழங்குவது இரண்டு முறைகள். ஒன்று, ரேடியோ அலை அப்லேஷன் (அப்லேஷன் என்றால் திசுவை இருந்த இடத்திலேயே அழிப்பது). வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை திசை மாறும் மின்சாரம் ஊசி முனையிலிருந்து திசுவுக்குள் பாய்கிறது. அங்குள்ள அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள், அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் அலைய, அந்த உராய்வில் சூடு பிறக்கிறது. மின்சாரம் திரும்பிச் செல்ல வழி வேண்டும் என்பதால் தொடையில் பெரிய ஒட்டுப் பட்டைகள் ஒட்டுவார்கள். நுரையீரலில் இது மனிதர்களுக்குச் செய்யப்பட்டதாக முதலில் வெளியான அறிக்கை 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அமெரிக்காவில் டேமியன் டுப்யூ குழுவினருடையது. மற்றொன்று மைக்ரோவேவ் அப்லேஷன். 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளைச் சுழலவைத்துச் சூடாக்குகின்றன. இதற்கு ஒட்டுப் பட்டை தேவையில்லை. கரி படிந்தாலும் அலை அதைத் தாண்டிப் போகும், சூடும் வேகமாக ஏறும். உறையவைத்து அழிக்கும் கிரையோ முறையும் உண்டு. மார்புச் சுவரை ஒட்டிய கட்டிகளுக்கு அதில் வலி குறைவு. ஆனால் உங்கள் கேள்வி சூட்டைப் பற்றியது என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

நுரையீரலுக்கென்று ஒரு தனித்தன்மை இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். கட்டி திடமானது, அதைச் சுற்றியுள்ள நல்ல நுரையீரல் காற்று நிறைந்தது. காற்று சூட்டையும் கடத்தாது, மின்சாரத்தையும் கடத்தாது. ஆகவே ஊசி கட்டிக்குள் இருக்கும்போது, பொத்தி வைத்த அடுப்பு மாதிரி சூடு கட்டிக்குள்ளேயே தங்கி நன்றாக வேலை செய்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அதே காற்று, கட்டியின் எல்லையைத் தாண்டி அந்த ஒரு சென்டிமீட்டர் ஓரத்துக்குச் சூடு பரவுவதையும் தடுக்கிறது. சிகிச்சை தவறினால் பெரும்பாலும் தவறுவது அந்த ஓரத்தில்தான்.

அந்த ஓரம் எதற்கு? ஸ்கேனில் கட்டி முடிவதாகத் தெரியும் கோட்டில் புற்றுநோய் முடிவதில்லை. அறுவையில் எடுத்த நுரையீரல் கட்டிகளை நுண்ணோக்கியில் அளந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பரவலில் 95 சதவீதத்தை உள்ளடக்க, அடினோகார்சினோமாவுக்கு 8 மி.மீ., ஸ்குவாமஸ் வகைக்கு 6 மி.மீ. ஓரம் வேண்டும் என்று அதில் கண்டார்கள். அப்பாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.8 செ.மீ. கட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் என்றால் 3.8 செ.மீ. விட்டமுள்ள உருண்டை வேக வேண்டும். கட்டியின் கொள்ளளவு சுமார் 3 மி.லி., வேகவேண்டிய உருண்டையின் கொள்ளளவு சுமார் 29 மி.லி. கட்டியைப்போல ஒன்பது மடங்குக்கும் அதிகம்! இதே கட்டி 3 செ.மீ. இருந்தால் 65 மி.லி. வேக வேண்டும். "சின்ன வித்தியாசம்தானே" என்று நமக்குத் தோன்றும் ஒரு சென்டிமீட்டர், ஊசிக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம். 3 செ.மீ. வரை செய்யலாம், 2 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது என்று நாங்கள் சொல்வது இந்தக் கணக்கால்தான். அப்பாவின் கட்டி அந்த நல்ல எல்லைக்குள் இருக்கிறது.

அளவுக்கு அடுத்தது இடம். 3 மி.மீ.க்கு மேல் தடிமனான ரத்தக்குழாய் ஒன்று கட்டியைத் தொட்டுக்கொண்டு போனால், ஓடும் ரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். குழாயை ஒட்டிய மெல்லிய அடுக்கில் உயிரோடு செல்கள் மிஞ்சும். மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் முற்றிலும் இல்லாமல் போகாது. பெரிய மூச்சுக்குழாய்களும் பெரிய ரத்தக்குழாய்களும் நுழையும் நடுப்பகுதிக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால் பெரும்பாலும் தவிர்ப்போம், அங்கே தவறு நேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தாகிவிடும். நுரையீரல் உச்சியில் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும், இதயத்தின் ஓரமாக உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் சூடு படக்கூடாத இடங்கள். கட்டி மார்புச் சுவரை ஒட்டி இருந்தால், இடையில் கொஞ்சம் காற்றையோ திரவத்தையோ செலுத்திச் சுவரை விலக்கிவைத்துவிட்டுச் செய்வதுண்டு. வெளிப்பகுதியில், சுவரைத் தொடாமல், எல்லாப் பக்கமும் நுரையீரல் சூழ்ந்த கட்டிதான் எங்களுக்கு மிக வசதியானது.

செய்யும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவர் சொல்லும் நாளில் அதை நிறுத்தியிருக்க வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரேடியோ அலை அதன் வேலையில் குறுக்கிடக்கூடும். சி.டி. மேஜையில் படுக்கவைத்து, அரைமயக்கமோ முழு மயக்கமோ கொடுப்பார்கள். ஸ்கேன் எடுத்து, விலா எலும்புகளுக்கிடையே பாதை குறித்து, தோலை மரத்துப்போக வைத்து, ஊசியை ஒரே மூச்சில் உள்ளே தள்ளாமல் கொஞ்சம் செலுத்துவது, ஸ்கேன் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் செலுத்துவது என்று போவோம். நுரையீரல் மூச்சோடு ஏறி இறங்குகிற உறுப்பு. கட்டியும் அதோடு நகர்கிறது. ஆகவே இந்தப் பகுதிக்குத்தான் பொறுமை அதிகம் தேவை, நேரத்தில் பெரும்பங்கும் இதற்கே போகும். சூடேற்றுவது ஒவ்வொரு நிலைக்கும் ஏறத்தாழ 5 முதல் 15 நிமிடம்தான். தேவைப்பட்டால் ஊசியின் நிலையை மாற்றி மறுபடியும் சூடேற்றுவோம். மொத்தத்தில் ஒன்று, இரண்டு மணி நேரம்.

முடிந்ததும் எடுக்கும் ஸ்கேனில் கட்டியைச் சுற்றிப் பனிமூட்டம் மாதிரி ஒரு வளையம் தெரியும். சூடு பட்ட நல்ல திசுவின் அடையாளம் அது. அந்த வளையம் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ., முடிந்தால் 10 மி.மீ. தள்ளி நிற்கிறதா என்று பார்ப்போம். ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் அப்போதே ஊசியை நகர்த்தி அந்தப் பக்கத்தை மறுபடி சுட வேண்டும். இதில் சோம்பல் காட்டினால், பின்னால் நோய் திரும்பி வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்கிறேன். அதிகம் நடப்பது, ஊசி போன வழியே காற்று கசிந்து நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே தேங்குவது. நியூமோதோராக்ஸ் என்பார்கள். ஆய்வுக்கு ஆய்வு இதன் விகிதம் பெரிதும் மாறுகிறது, பத்தில் ஒருவர் முதல் பாதிப்பேருக்கு மேல் வரை. பெரும்பாலும் சிறிய கசிவாக இருந்து தானே அடங்கிவிடும். சிலருக்கு மெல்லிய குழாய் ஒன்றை மார்பில் வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும், சில நாட்களில் எடுத்துவிடலாம். அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. இருப்பதால் இந்த வாய்ப்பு சராசரியைவிட அதிகம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காற்றுப்பைகள் விரிந்து மெலிந்த நுரையீரல் ஓட்டை விழுந்தால் சட்டென்று மூடாது. அபூர்வமாக, வீட்டுக்குப் போன பிறகு சில நாள் கழித்தும் இது வருவதுண்டு. திடீரென்று மூச்சுவாங்கினாலோ, ஒரு பக்கம் கூர்மையான வலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விமானப் பயணத்தை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

முதல் சில நாட்களில் லேசான காய்ச்சல், உடல் அசதி, சளியில் கொஞ்சம் பழுப்பு ரத்தம் இவை வரும், போய்விடும். காய்ச்சல் ஒரு வாரம் தாண்டியும் நீடித்தால் அல்லது குறைந்து மறுபடி ஏறினால் நுரையீரலில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேதமடைந்த நுரையீரல் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். மார்பில் நீர் சேர்வது, பெரிய ரத்தக்கசிவு, மூச்சுக்குழாயில் அடையாத துளை, ரத்தத்தில் காற்று புகுவது ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. கடைசி இரண்டும் மிக அபூர்வம். இன்னொன்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நுரையீரல் தழும்பேறும் ஐ.எல்.டி. நோய் அப்பாவுக்கு இருக்கிறதா? இருந்தால், இந்தச் சூட்டுக்குப் பிறகு அந்த நோய் திடீரெனத் தீவிரமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்கு நான் மிகவும் தயங்குவேன்.

சரி, பலன் எவ்வளவு? இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ராப்சர் என்ற ஆய்வு 2008-இல் வெளியானது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மையங்களில் 106 பேருக்கு 183 கட்டிகளுக்கு ரேடியோ அலை முறை செய்தார்கள், கட்டிகள் 3.5 செ.மீ. வரை. மதிப்பிட முடிந்தவர்களில் 88 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக அழிந்த நிலை ஓராண்டாவது நீடித்தது. அதில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களின் இரண்டாண்டுக் கணக்கைப் பாருங்கள்: உயிரோடு இருந்தவர்கள் 48 சதவீதம். புற்றுநோயால் மட்டும் நேர்ந்த மரணங்களை எண்ணினால் பிழைத்தவர்கள் 73 சதவீதம். இடையில் உள்ள அந்த 25 சதவீதத்தைப் பறித்தது இதயமும் மூச்சும் மற்ற நோய்களும்தான். அறுவைக்குத் தகுதியில்லாத முதியவர்களின் கதை இது. மூச்சுத்திறன் இந்தச் சிகிச்சையால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது, உங்கள் அப்பாவுக்கு அது பெரிய விஷயம்.

இரண்டாவது, இசட் 4033 என்ற எண்ணுள்ள அமெரிக்க ஆய்வு, 2015-இல் வெளியானது. அறுவை தாங்காத, ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய் உள்ள 51 பேர். இரண்டாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 70 சதவீதம். 2 செ.மீ.க்குக் குறைவான கட்டி உள்ளவர்களுக்கு அதைவிட நன்றாக இருந்தது. ஆனால் சிகிச்சை செய்த இடத்தில் நோய் திரும்பாமல் இரண்டு ஆண்டுகள் இருந்தவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம்தான். இந்தக் கடைசி எண்ணை உங்களிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை. அது பழைய ரேடியோ அலைக் கருவிகளின் எண் என்பதும் உண்மை. ஊசியின் முனையைத் தாண்டிய அந்த ஓரத்தை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்கிறது.

இங்கேதான் இன்னொரு வழியையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. எஸ்.பி.ஆர்.டி. எனும் துல்லியக் கதிர்வீச்சு. பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவித்து, மூன்று முதல் ஐந்து முறையில் மொத்தச் சிகிச்சையையும் முடிக்கிறார்கள். ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை, நியூமோதோராக்ஸ் பயமும் இல்லை. 2010-இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 0236 ஆய்வில் அறுவை தாங்காத 55 பேருக்கு மூன்று முறையில் 54 கிரே அளவு கதிர் கொடுத்தார்கள். மூன்றாண்டில் முதல்நிலைக் கட்டி கட்டுக்குள் இருந்தது 97.6 சதவீதம். இதனால்தான் அறுவை செய்ய முடியாத ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் பரிந்துரையாக இன்றைய வழிகாட்டிகள் எஸ்.பி.ஆர்.டி.யைச் சொல்கின்றன. அப்லேஷனை, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கான வழியாக வைக்கின்றன. அந்த வரிசை சரி என்பதுதான் என் கருத்தும். ஊசியைப் பிடிக்கிறவனாக இருந்தும் இதைச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கதிர்வீச்சு நிபுணர் ஒருவரின் கருத்தையும் கேட்காமல் ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் ஊசி எப்போது முந்தும்? அந்தப் பகுதியில் ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்து, நோய் மறுபடி வந்திருந்தால். அறுவை செய்து ஒரு பகுதியை எடுத்த பிறகு மிச்சமுள்ள நுரையீரலில் புதிய கட்டி வந்திருந்தால். பெருங்குடல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய், எலும்பு, தசை போன்றவற்றில் தோன்றும் சார்கோமா போன்றவை நுரையீரலில் ஓரிரு சிறு கட்டிகளாக வந்திருந்தால். இந்தக் கடைசி வகையில் ஊசிக்கு நல்ல பெயர் இருக்கிறது. காரணம் எளிது, மறுபடியும் செய்யலாம். இன்று ஒரு கட்டி, எட்டு மாதம் கழித்து இன்னொன்று என்றால் அதையும் அதே மாதிரி சுடலாம், நுரையீரல் பெரிதாகக் குறைந்துபோகாது. நல்ல உடல்நிலையில் இருக்கிற, அறுவை தாங்கக்கூடிய ஒருவருக்கு ஆரம்பநிலைக் கட்டி என்றால் அறுவைதான் முதல் வழி. 2 செ.மீ. வரையுள்ள கட்டிக்கு நுரையீரல் மடலை முழுதாக எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதும் போதும் என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2022, 2023-இல் காட்டியிருக்கின்றன. ஆகவே "தாங்காது" என்று சொன்னது யார், மார்பு அறுவை நிபுணரா, எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முழு மடல் தாங்காதவருக்குச் சிறு பகுதி தாங்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம், இதை மறந்துவிடுகிறார்கள். ஊசியும் கதிரும் கட்டியை மட்டும்தான் பார்க்கும். அறுவை செய்யும்போது நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள், இவற்றில் அது நடக்காது. கணுக்களுக்குள் ஏற்கெனவே நோய் போயிருந்தால், கட்டியை எவ்வளவு அழகாகச் சுட்டாலும் பயனில்லை. எனவே முன்னதாகப் பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்களை ஒளிரச் செய்து காட்டும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். அதில் நடுமார்புக் கணுக்கள் சந்தேகமாகத் தெரிந்தால், மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

செய்தபிறகு வரும் முதல் ஸ்கேனைப் பற்றி இப்போதே எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் அறிக்கையைப் பார்த்து அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் எடுக்கும் சி.டி.யில் அந்த இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத்தான் தெரியும். 1.8 செ.மீ. இருந்தது 3.5 செ.மீ. என்று எழுதியிருக்கும். அது வெந்த திசு, கட்டி வளர்ந்தது அல்ல. நாம் சுட்டது அவ்வளவு பெரிய உருண்டைதானே. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அது மெல்லச் சுருங்கத் தொடங்கும், சில சமயம் நடுவில் குழி விழும், கடைசியில் தழும்புக் கோடாகவோ சிறு முடிச்சாகவோ நிற்கும். முதல் மூன்று மாதத்தில் பெட் ஸ்கேனும் ஏமாற்றும், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் வீக்கமும் அதில் பளிச்சென்று ஒளிரும். கவலைப்பட வேண்டியது இதற்கு: சுருங்கிக்கொண்டிருந்த இடம் ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி பெரிதாவது, ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் முண்டு மாதிரி புதிதாகத் தெரிவது, மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் அந்த முண்டு நன்றாக ஒளிர்வது. இவற்றைப் பிடிக்க முந்தைய ஸ்கேன்களோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டுகளை எடுத்துப் போங்கள், அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது. முடிந்தால் ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஸ்கேனை எடுங்கள்.

அந்த முண்டு 1 செ.மீ. இருக்கும்போது கண்டுபிடித்துவிட்டால் மறுபடி ஊசி வைத்துச் சுட முடியும், கதிர்வீச்சு கொடுக்கவும் முடியும். 3 செ.மீ. ஆன பிறகு இரண்டுமே கடினமாகிவிடும். ஆகையால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று உங்கள் மருத்துவர் சொல்லும் தேதிகளைச் சிகிச்சை நாளன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.